கார்பன் அம்பில் பழைய இறகை எடுத்துப் புதிது ஒட்டுவது எப்படி? ஒட்டியது ஏன் கழல்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதானே: மகன் ரிகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வகை) பழகுகிறான். அவனுடைய ஒரு டஜன் கார்பன் அம்புகளில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் இறகு கிழிந்துவிட்டது. வேளச்சேரி வீட்டில் நீங்களே ஃபெவிக்விக் வைத்து ஒட்டினீர்கள், சில நாளிலேயே கழன்று விழுகிறது. கடல் காற்றின் ஈரம்தான் காரணமா, வேறு பசை வாங்க வேண்டுமா, பழைய இறகைக் கேஸ் அடுப்பில் லேசாகக் காட்டி உரித்தால் சுலபமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அடுப்புப் பக்கமே அம்பைக் கொண்டுபோகாதீர்கள். கார்பன் தண்டு என்பது மெல்லிய கார்பன் இழைகளை எபாக்ஸி பிசினால் இறுக்கிச் செய்தது. தீ பட்டால் பிசின் இளகி இழைகள் பிடிப்பு விட்டுப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் நாணிலிருந்து புறப்படும் நொடியில் தண்டு வளைந்து நெளிந்துதான் கிளம்புகிறது. உள்ளே பலம் போன தண்டு அப்போது சிதறினால், சிராய்கள் வில் பிடித்த கையில்தான் இறங்கும். 'எங்க மாஸ்டர் சூடு காட்டித்தான் எடுப்பார்' என்று யாராவது சொன்னால், அது அலுமினிய அம்பின் முனையைக் கழற்றும் முறையாக இருக்கும். அங்கேயும் சூடாக்குவது முனையைத்தான், தண்டை அல்ல.

அடுத்து கடல் காற்று. பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள். ஃபெவிக்விக் வகைப் பசைகள் எல்லாம் சயனோஅக்ரிலேட். அவை இறுகுவதற்கே காற்றிலும் பரப்பிலும் இருக்கும் ஈரம் வேண்டும். சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை, அதனால் இங்கே சீக்கிரமாகவே பிடிக்கும். கழல்வதற்கு உண்மையான காரணங்கள் மூன்று: தண்டில் மிச்சமிருக்கும் பழைய பசை, நம் விரல் எண்ணெய், புது இறகின் அடிப்பாகத்தில் அச்சிலிருந்து எடுக்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்த மெழுகுப் படலம். மூன்றுமே சுத்தம் சம்பந்தப்பட்டவை. பசையை மாற்றுவதால் தீராது. நல்ல பசையைத் தேடி ஊரெல்லாம் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பாதியைத் தேய்த்துக் கழுவுவதில் செலவிட்டிருந்தால் போதும்.

வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு அம்பையும் சோதியுங்கள். இரு முனைகளையும் பிடித்து, முகத்திலிருந்து தள்ளி வைத்து, லேசாக வளைத்துக் காது கொடுங்கள். கொஞ்சம் சுழற்றி மறுபடி வளையுங்கள். 'சடசட' என்று மெல்லிய சத்தம் வந்தால் அந்த அம்பின் கதை முடிந்தது. பிறகு ஒரு பஞ்சுத் துணுக்கைத் தண்டின் நீளத்துக்கும் உருவுங்கள். எங்காவது இழை சிக்கினால் அங்கே கார்பன் பிரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட அம்பை முறித்துக் குப்பையில் போடுங்கள், முழுசாக மூலையில் வைத்தால் என்றைக்காவது யாராவது எடுத்து எய்துவிடுவார்கள். கார்பன் சிராய் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

இன்னொன்று: கசங்கிய இறகெல்லாம் கெட்டுப்போன இறகு அல்ல. நிஜமான பறவை இறகு மடங்கியிருந்தால் இட்லிப் பானையின் ஆவியில் சில நொடிகள் காட்டினாலே நிமிர்ந்துவிடும். வளைந்த பிளாஸ்டிக் இறகுக்கு ஹேர் டிரையரின் இளஞ்சூடு போதும். காரின் டிக்கியில் மே மாதம் முழுக்க அம்புப் பையைப் போட்டு வைப்பவர்களுக்கு இந்த வைத்தியம் அடிக்கடி தேவைப்படும். கிழிந்ததையும் ஓரம் தூக்கியதையும் மட்டும் எடுங்கள். ஒரு அம்பின் மூன்று இறகில் ஒன்று மட்டும் போயிருந்தால் அந்த ஒன்றை மாற்றினால் போதும், பழகும் பிள்ளைக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. போட்டி நெருங்குகிறது என்றால் மூன்றையும் மாற்றுவதே என் வழக்கம்.

எடுக்கும் முன் இரண்டு காரியம். பழைய இறகு எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிந்தது என்று ஒரு அம்பை மட்டும் அளந்து எழுதி வையுங்கள், அல்லது ஃபோனில் ஸ்கேலோடு படம் எடுத்து வையுங்கள். வில்லாளியின் கண்ணும் நாணும் பழகியிருப்பது அந்த இடத்துக்கு. அடுத்து, நாக் (nock) என்ற பாகத்தைக் கழற்றிவிடுங்கள், அதாவது அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டை. பெரும்பாலான நாக்குகள் பாலிகார்பனேட். அசிட்டோன் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும், பிறகு நாணில் மாட்டி இழுக்கும்போது உடையும். உடைந்த நாக்கோடு நாணை விட்டால், அம்பே இல்லாமல் நாணை இழுத்து விட்டதற்குச் சமம். வில்லுக்கே சேதம்.

இப்போது உரிப்பது. கூர்மையான பிளேடு கார்பனுக்கு எதிரி. கத்தியைப் பயன்படுத்தலாம், ஆனால் தண்டின் மேல் ஏறக்குறைய படுக்க வைத்து, இறகின் அடியில் நுழைத்து ஒரு முனையைக் கிளப்பினால் போதும். கிளம்பிய முனையை நோஸ் பிளேயரால் பிடித்து மெதுவாக இழுத்தால் மீதி வந்துவிடும். தண்டில் மிஞ்சும் பசைக் கோட்டைக் கத்தியின் முதுகால் வழியுங்கள், கூர்ப்பக்கத்தால் அல்ல. பிளேடு செங்குத்தாக நின்றால் பசையோடு இழையும் சீவப்படும். தண்டில் கோடு விழுந்து நகத்தில் தட்டுப்பட்டால் அந்த அம்பு இனி வேண்டாம். உப்புத்தாளால் உலர்வாகத் தேய்ப்பதும் எனக்குப் பிடிக்காத வேலை. கார்பன் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல, தண்டும் தேயும்.

பிடிவாதமான பசைக்கு அசிட்டோன். ஒரு சின்னத் துணியை நனைத்து, பசை இருக்கும் இடத்தில் சுற்றி ஓரிரு நிமிடம் விட்டால் இளகும், நகத்தாலேயே வழித்துவிடலாம். துடைப்பதற்கு மட்டும்தான் அசிட்டோன், பாட்டிலில் அம்பை நிறுத்தி ஊற வைக்கக் கூடாது. தண்டின் பெயரெழுத்தும் நிறமும் கொஞ்சம் போகும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். வீட்டில் இருக்கும் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுக்காதீர்கள். அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், சிலவற்றில் அசிட்டோனே இருக்காது. பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் சுத்தமான அசிட்டோன் கேட்டு வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, சமையலறையையும் சாமி விளக்கு எரியும் அறையையும் தவிர்த்து வேலை செய்யுங்கள். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

பையனின் அம்பில் இருப்பது ஒருவேளை சுருண்ட மெல்லிய ஸ்பின் விங் வகை என்றால் கதை வேறு. அது பசையில் நிற்பதில்லை, இரட்டைப் பக்க டேப்பில் நிற்கிறது. முன்னும் பின்னும் சுற்றியிருக்கும் டேப்பை வெட்டி எடுத்தால் இறகு கையோடு வரும். பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் பிசுக்கைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுங்கள். மிஞ்சுவதற்குக் கொஞ்சம் நீலகிரித் தைலம் போதும், அசிட்டோனே தேவையில்லை. ஆனால் தைலமும் எண்ணெய்தான். அதற்குப் பிறகு கழுவாமல் புது டேப் ஒட்டினால் நிற்காது.

கழுவுவதுதான் இதில் உயிர்நாடி. நாக் இருந்த பக்கத்தில் சுமார் 10 செ.மீ. நீளத்துக்கு, ஈர ஸ்பாஞ்சில் கொஞ்சம் சபீனா தொட்டு லேசான கையால் தேயுங்கள். பாத்திரம் தேய்க்கும் வேகம் வேண்டாம், நாலைந்து சுற்று போதும். குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டுப் பாருங்கள். தண்ணீர் தண்டின் மேல் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். துளித்துளியாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி தேயுங்கள். இந்தத் தண்ணீர்ச் சோதனை அலுமினிய அம்புக்காரர்கள் வெகுகாலமாகச் செய்து வருவது, கார்பனுக்கும் அப்படியே பொருந்தும். உள்ளே போன தண்ணீர் வடிய அம்பை நாக் பக்கம் கீழாக நிறுத்தி நன்றாக உலர விடுங்கள். ஒட்டப்போகும் நேரத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த டிஷ்யூவால் ஒரு முறை துடையுங்கள். ரிச்சி தெருவில் மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். துடைத்த பிறகு அந்த இடத்தை யாரும் தொடக் கூடாது. நீங்களும்தான். சென்னை வியர்வையில் ஒரு விரல் பட்டாலே அடுத்த வாரம் ஒரு இறகு தரையில் கிடக்கும்.

இறகின் அடியும் அப்படித்தான். பாக்கெட்டில் அடிப்பாகம் முன்பே பதப்படுத்தப்பட்டது என்று எழுதியிருந்தால் தொடாமல் அப்படியே ஒட்டுங்கள், துடைத்தால் அந்தப் பூச்சு போய்விடும். அப்படி எழுதவில்லை என்றால் அதே ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்து உலர்த்துங்கள்.

பசை விஷயத்தில் ஃபெவிக்விக் தப்பே இல்லை, அவசரத்துக்கு நன்றாகவே நிற்கும். அதன் குறை, தண்ணீராக ஓடும், இறுகியபின் சற்று நொறுங்கும் தன்மையுடையது. அம்புக்கென்றே வரும் சயனோஅக்ரிலேட் பசைகள் கொஞ்சம் கெட்டியாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும், போட்டி அம்புக்கு அதையே வாங்குங்கள். ஃப்ளெட்ச் டைட் போன்ற கரைப்பான் வகைப் பசை மெதுவாகக் காயும், ஒவ்வொரு இறகையும் கிளாம்ப்பில், அதாவது அதைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் கவ்வியில், சில நிமிடம் பொறுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் பறவை இறகுக்கு அதுவே எனக்குப் பிடித்தது, இடம் மாற்றிக்கொள்ள அவகாசம் தரும். ஃபெவிகால் கார்பனிலும் பிளாஸ்டிக்கிலும் பிடிக்காது. அரால்டைட் பிடிக்கும், ஆனால் எடை ஏறும், அடுத்த முறை உரிக்கும்போது தண்டின் தோலோடு வரும். இரண்டும் வேண்டாம்.

நம் ஊர் ஈரம் தொல்லை தருவது ஓர் இடத்தில்தான்: திறந்த பசை பாட்டில் சீக்கிரம் கெட்டியாகும். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும். பசை கொட்டிவிட்டால் பழைய பருத்தித் துணியால் அள்ளாதீர்கள். பருத்தியும் சயனோஅக்ரிலேட்டும் சேர்ந்தால் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, உருட்டிப் பிரியுங்கள். பசை கண்ணுக்குப் போனால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், தண்ணீரால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.

ஜிக், அதாவது அம்பைப் பிடித்து இறகைச் சரியான இடத்திலும் கோணத்திலும் ஒட்ட உதவும் கருவி, இல்லாமல் ஒட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு அம்பை ஒட்டலாம். 12 அம்பும் ஒரே மாதிரி வராது. இந்த வேலையின் பயனே அதில்தான் இருக்கிறது: இறகு இரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருப்பது குற்றமில்லை, பன்னிரண்டிலும் அதே இரண்டு மில்லிமீட்டராக இருக்க வேண்டும். பயிற்சி மையத்தில் நிச்சயம் ஒரு ஜிக் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேளுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் ஒட்டுவீர்கள் என்றால் சொந்தமாக ஒன்று வாங்குவதில் தப்பில்லை. ஸ்பின் விங் மட்டும் விதிவிலக்கு. வெள்ளைப் பேனாவால் மூன்று கோடு சரியாகப் போட்டுவிட்டால் கையாலேயே ஒட்டலாம், அந்தக் கோடு போடத்தான் ஜிக் வேண்டும்.

ஜிக்கில் அம்பை நாக்கோடு பொருத்திய பிறகு, பசை இல்லாமல் ஒரு ஒத்திகை பாருங்கள். இறகைக் கிளாம்ப்பில் வைத்துத் தண்டில் அழுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அடிப்பாகம் முழு நீளமும் தண்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கேதான் நாளை கழலப்போகிறது. மெல்லிய ரிகர்வ் தண்டுகளில் அதிகம் முறுக்கிய ஹெலிகல் கிளாம்ப்பை மாட்டினால் இந்தச் சிக்கல் வரும், அதற்கு ஓரிரு டிகிரி சாய்வே போதுமானது. சாய்வு எதற்கென்றால், அம்பு சுழன்று போனால் நேராகப் போகும். சுழற்சி கூடக் கூடக் காற்றின் தடையும் கூடும். 18 மீட்டர் உள்ளரங்கில் பெரிய இறகு போடுபவர்கள் 70 மீட்டருக்குச் சின்ன இறகுக்கு மாறுவது இதனால்தான்.

நாண் பள்ளத்திலிருந்து இறகின் பின்முனை வரை சுமார் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். விரலால் நாண் பிடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைந்தால் விரல் இறகில் இடிக்கும். நிறம் மாறிய இறகு, இன்டெக்ஸ் என்பார்களே, ரிகர்வில் அது நாண் பள்ளத்துக்குச் செங்குத்தாக, வில்லுக்கு எதிர்ப்புறம் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் மற்ற இரண்டும் வில்லை உரசாமல் கடக்கும். காம்பவுண்ட் வில்லில் (முனைகளில் கப்பி வைத்த வகை) இது அம்பு தாங்கியைப் பொறுத்து மாறும், பெரும்பாலும் மேல் நோக்கி வைப்பார்கள்.

பசையை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது போல மெல்லிசாக ஒரே கோடாக இழுங்கள். அதிகம் வைத்தால் பலம் கூடாது, ஓரத்தில் பிதுங்கி எடைதான் ஏறும், கிளாம்ப்போடும் ஒட்டிக்கொள்ளும். பசைக் குப்பியில் எழுதியிருக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தி வையுங்கள். கிளாம்ப்பை எடுக்கும்போது இறகைப் பக்கவாட்டில் சாய்க்காமல் நேராக உருவுங்கள். மூன்றும் முடிந்ததும் ஒவ்வொரு இறகின் முன்முனையிலும் பின்முனையிலும் ஒரு சின்னப் பொட்டு பசை. இந்தப் பொட்டை விட்டுவிடுகிறவர்கள் அதிகம், கழல்வதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. தேய்ந்த இலக்குப் பலகையில் அம்பு ஊடுருவிப் போகும்போது முதலில் அடி வாங்குவது முன்முனைதான். இறகைச் சுற்றி வெண்படலம் பூத்தால் பயப்பட வேண்டாம், அது பசையின் ஆவி படிந்தது. துடைத்தால் போகும்.

பறவை இறகு வாங்கினால் எல்லாம் இடச்சிறகா, எல்லாம் வலச்சிறகா என்று பார்த்து வாங்குங்கள். வான்கோழி இறகு இயற்கையாகவே ஒரு பக்கம் வளைந்திருக்கும். இரண்டையும் கலந்து ஒரே அம்பில் ஒட்டினால் ஒன்றையொன்று எதிர்க்கும். கிளாம்ப்பும் அதே பக்கத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் மழையில் நனைந்தால் பறவை இறகு படுத்துவிடும், வெளி மைதானப் பயிற்சிக்குப் பிளாஸ்டிக்கே போதும். மூங்கில் அம்போடு இந்தியன் ரவுண்ட் என்ற போட்டிப் பிரிவு பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு குறிப்பு: இந்த அசிட்டோன், சபீனாத் தண்ணீர் எதுவும் மூங்கிலுக்கு ஆகாது. வார்னிஷ் போய்விடும், ஈரம் உள்ளே இறங்கும். பழைய பசையைக் கத்தி முதுகால் உலர்வாகவே வழித்து, மெல்லிய உப்புத்தாளால் ஓரிரு இழுப்பு இழுத்துத் துடைத்தால் முடிந்தது.

அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றினால் ராப் ஒட்டிக்கொள்ளுங்கள். தண்டின் பின்பகுதியைச் சுற்றும் மெல்லிய வினைல் தாள் அது. இறகு அதன் மேல் நிற்கும். அடுத்த முறை கீசர் தண்ணீரில் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்ச நேரம் காட்டி உரித்தால் இறகும் பசையும் சேர்ந்தே வந்துவிடும். முனை இருக்கும் பக்கம் தண்ணீரில் இறங்கக் கூடாது, அங்கே இருப்பது சூட்டில் இளகும் பசை. ராப் பின்னால் எடை ஏற்றும் என்பதால் ஒன்றுக்குப் போட்டால் பன்னிரண்டுக்கும் போட வேண்டும். மகன் ஏற்கனவே அம்பைத் தன் வில்லுக்குச் சரிசெய்து நன்றாக எய்துகொண்டிருக்கிறான் என்றால், பழைய அதே அளவு, அதே எடை இறகையே வாங்குவது உத்தமம். அதைக் கெடுத்துக்கொண்டு ராப் வேண்டாம்.

ஒட்டிய அம்பை மறுநாள் காலை வரை சும்மா விடுங்கள். பிறகு ஒவ்வொரு இறகின் முனையையும் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மைதானத்தில் கழல்வதைவிட வீட்டில் கழல்வது மேல். முதலில் ஒரே ஒரு அம்பை மட்டும் முழுசாகச் செய்து, அதை ஒரு நாள் பயிற்சியில் எய்யவிட்டு, அது நின்றால் மீதி அம்புகளில் கை வையுங்கள். இறகு வில்லில் உரசுகிறதா என்ற சந்தேகம் வந்தால், இறகின் ஓரங்களில் கொஞ்சம் லிப்ஸ்டிக் தடவிக் கிட்டத்திலிருந்து எய்தால் வில்லில் எங்கே கோடு விழுகிறது என்று தெரிந்துவிடும். கோடு விழுந்தால் நாக்கை அரை சுற்றுக்கும் மிகக் குறைவாக, நூலளவு திருப்பிப் பாருங்கள். ஒட்டியதைப் பிய்க்க வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது 36 இறகு மட்டும் வாங்காமல் அதே பாக்கெட்டில் சில கூடுதலாக வாங்குங்கள். உலக வில்வித்தை அமைப்பின் விதிப்படி ஒரு எண்டில், அதாவது புள்ளி எண்ணப் போகும் முன் தொடர்ந்து எய்யும் அம்புகள் எல்லாம் இறகின் நிறமும் அமைப்பும் நாக்கும் உட்பட ஒரே மாதிரி இருக்க வேண்டும், தண்டில் வீரரின் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும். அசிட்டோனில் மகனின் பெயர் அழிந்திருக்கும். அதையும் பெர்மனென்ட் மார்க்கரால் மறுபடி எழுதிவிடுங்கள்.